ரீஃப் தொட்டிக்கு உப்புநீர் கலந்து எத்தனை நாள் வைத்திருக்கலாம்?

கேட்டிருப்பது இதுதான்: வீட்டில் பவளத் தொட்டி இருக்கிறது, தண்ணீர் மாற்றும் நாளில் அப்போதைக்கப்போது உப்பு கலப்பதா, மொத்தமாகக் கலந்து டிரம்மில் வைத்துக்கொள்வதா? வைத்தால் கெட்டுப்போகுமா? பம்ப் இருபத்துநாலு மணி நேரமும் ஓட வேண்டுமா?

மொத்தமாகவே கலந்து வையுங்கள். கெட்டுப்போகாது. பம்ப் ஓடிக்கொண்டே இருக்க வேண்டியதும் இல்லை. சுத்தமான ஆர்ஓ டிஐ தண்ணீரில் (மெம்பிரேனும் அயனி நீக்கும் ரெசினும் கடந்து வந்த நீர்) செயற்கை உப்பைக் கலந்து, இறுக மூடி, வெயில் படாத இடத்தில் வைத்தால் வாரக்கணக்கில் அப்படியே இருக்கும். அழுகுவதற்கு அதில் ஒன்றுமே இல்லையே. கடலிலிருந்து அள்ளி வந்த தண்ணீர் வேறு கதை. அதில் மிதவை உயிர்கள் இருக்கும், இருட்டில் செத்துப்போகும், அம்மோனியா ஏறும். "உப்புநீரைத் தேக்கி வைக்காதே, ஓடவிட்டுக்கொண்டே இரு" என்ற பழைய அறிவுரையில் பாதி அந்தக் காலத்துக் கடல்நீர் அனுபவத்திலிருந்து வந்தது என்றுதான் நினைக்கிறேன். பையில் வரும் உப்புக்கு அது பொருந்தாது.

கையிருப்பு விஷயத்தில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். தொட்டியில் இருக்கும் நீரில் கால் பங்காவது எப்போதும் கலந்து தயாராக வீட்டில் இருக்க வேண்டும். கடல் அனிமோன் பவர்ஹெட்டில் (தொட்டிக்குள் நீரோட்டம் தரும் பம்ப்) சிக்கிக் கூழாவது, யாரோ தொட்டிக்குப் பக்கத்தில் பூச்சி மருந்து அடித்துவிடுவது, கண்ணாடி ஓரத்து சிலிகான் விட்டுவிடுவது, இவையெல்லாம் நாள் பார்த்து வருவதில்லை. ஒரு நாளைக்கு 75 கேலன் என்று எழுதியிருக்கும் ஆர்ஓ மெம்பிரேன், எல்லாம் சரியாக இருந்தாலும் மணிக்கு 12 லிட்டருக்குச் சற்றுக் குறைவாகத்தான் தரும். 60 லிட்டர் சேர ஐந்து மணி நேரம் ஆகும். அதற்கப்புறம் உப்பு கரைய வேண்டும், தண்ணீர் சூடேற வேண்டும். நடுராத்திரியில் இதற்கெல்லாம் பொறுமை இருக்காது. பாதி கரைந்ததை அளக்காமல், சில்லென்று அப்படியே ஊற்றத்தான் கை போகும்.

அடிப்படைத் தண்ணீரைப் பற்றி. குழாய்த் தண்ணீரில் குளோரின் நீக்கும் மருந்து விட்டுக் கலக்கலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். மீன் மட்டும் உள்ள தொட்டி என்றால் சமாளிக்கலாம். பவளம் இருந்தால் வேண்டாம். அந்த மருந்து நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் சிலிகேட்டையும் தொடுவதே இல்லை. செப்புக் குழாய் வழியே வரும் தண்ணீர் என்றால் செம்பும் சேர்ந்து வரலாம். இறால், நத்தை, பவளம் போன்ற முதுகெலும்பில்லாத உயிர்களுக்கு மிகச் சிறிய அளவு செம்பே விஷம். வண்டல் ஃபில்டர், கார்பன், மெம்பிரேன், கடைசியில் டிஐ ரெசின் என்ற வரிசையில் வடிகட்டி, வெளியே வரும் நீரில் டிடிஎஸ் (கரைந்திருக்கும் பொருள்களின் மொத்த அளவு) 0 காட்டினால் நல்ல தொடக்கம்.

அந்தச் சுழியத்தையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். டிடிஎஸ் மீட்டர் அளப்பது மின்கடத்தலை. குளோரினை அது காட்டிக்கொடுக்காது. அதற்குக் கார்பன் ஃபில்டரை நேரத்துக்கு மாற்றுவதுதான் வழி. உங்கள் தண்ணீரில் குளோரமைன் (குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த கிருமிநாசினி) கலக்கிறார்கள் என்றால் அதற்கென்றே வரும் கார்பன் வேண்டும். சிலிகாவும் இப்படித்தான்: ரெசின் தீர ஆரம்பிக்கும்போது முதலில் நழுவுவது அதுதான், மீட்டரோ அதைச் சரியாகக் கணக்கில் எடுக்காது. மீட்டர் 1 அல்லது 2 காட்டும்போதே ரெசினை மாற்றிவிடுவது என் வழக்கம். தொட்டியில் விடாமல் பழுப்பு டயாட்டம் (சிலிகாவை எடுத்து வளரும் நுண்பாசி) படிந்துகொண்டிருந்தால் உப்பைச் சந்தேகப்படுவதற்கு முன் ரெசினைப் பாருங்கள். இன்னொன்று: யூனிட்டை நிறுத்தி வைத்துவிட்டு மறுபடி திறந்தால் மெம்பிரேனிலிருந்து முதலில் வரும் நீரில் டிடிஎஸ் அதிகமாக இருக்கும். முதல் சில நிமிடத் தண்ணீரை ரெசினுக்குள் விடாமல் வெளியே விட்டால் ரெசின் கூடுதல் நாள் உழைக்கும்.

உப்புக்கு வருவோம். கடலின் சராசரி உப்பு அளவு 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு). இதை எட்ட லிட்டருக்கு 36 முதல் 39 கிராம் வரை கலவை தேவைப்படும். எவ்வளவு என்பது பிராண்டைப் பொறுத்தது, அந்தப் பை எவ்வளவு ஈரம் குடித்திருக்கிறது என்பதையும் பொறுத்தது. மெக்னீசியம் குளோரைடும் கால்சியம் குளோரைடும் காற்றிலுள்ள ஈரத்தை இழுப்பவை. பாதி தீர்ந்த பையைச் சும்மா மடித்து வைத்தால் எடை கூடிக்கொண்டே போகும், அதே கிராம் போட்டாலும் உப்பு குறைவாகவே காட்டும். இறுகிய மூடியுள்ள வாளியில் வையுங்கள். கை வைத்தால் உதிர்கிற கட்டி பரவாயில்லை. கல்லாக இறுகிப்போயிருந்தால், உள்ளேயே கால்சியமும் கார்பனேட்டும் சேர்ந்திருக்க வாய்ப்புண்டு. அதைத் தண்ணீரில் போட்டால் எவ்வளவு நேரம் சுழற்றினாலும் தெளியாது.

பெரிய வாளியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுப்பவர்கள் இன்னொன்றையும் செய்ய வேண்டும். வண்டியில் குலுங்கி வரும்போது பருத்த துகளும் நுண்ணிய துகளும் பிரிந்து அடுக்காகிவிடும். திறப்பதற்கு முன் வாளியைப் படுக்கவைத்து நன்றாக உருட்டுங்கள். மேலே எடுத்ததற்கும் அடியில் எடுத்ததற்கும் கால்சியம் வேறுபடுகிறது என்று புலம்புகிறவர்களில் பலர் வாளியை உருட்டாதவர்கள்தான். கிண்ணத்தால் அள்ளாமல் தராசில் நிறுத்துப் போடுவதும் நல்லது.

தண்ணீர் முதலில், உப்பு அப்புறம். இதில் மாற்றமே கிடையாது. டிரம்மை நிரப்பி, பவர்ஹெட்டை ஓடவிட்டு, அது எழுப்பும் சுழலில் உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவுங்கள். உப்பை அடியில் கொட்டிவிட்டு மேலே தண்ணீர் விட்டால், முதல் சில லிட்டரில் கால்சியமும் கார்பனேட்டும் கடலில் இருப்பதைப்போல் பல மடங்கு செறிவாகச் சந்திக்கும். இரண்டும் பிடித்துக்கொண்டு கால்சியம் கார்பனேட்டாக வெளியே வந்துவிடும். அப்படி வந்தது பின்னால் எவ்வளவு தண்ணீர் சேர்த்தாலும் மறுபடி கரையாது.

கலக்கும்போது தண்ணீர் மங்கலாகத் தெரிவது இயல்புதான். நுண்ணிய காற்றுக் குமிழும் கரையாத துகளும் சேர்ந்த மங்கல் அது, பெரும்பாலும் ஒன்றிரண்டு மணி நேரத்தில் தெளிந்துவிடும். தெளியாமல் வெள்ளையாகவே நின்று, பம்பை நிறுத்தினால் அடியில் மெல்லிய பொடி படிந்து, ஹீட்டர் குழாயும் பம்ப் உடலும் சுண்ணாம்பு அடித்த மாதிரி ஆகிவிட்டால் அது படிவு. விரலால் தேய்த்தால் சொரசொரவென்று இருக்கும். கொஞ்சம் வினிகர் விட்டால் நுரைக்கும், சந்தேகமே வேண்டாம்.

இப்படி ஆன தண்ணீரில் கால்சியம் சோதித்துவிட்டு "சரியாகத்தானே இருக்கிறது" என்று சொல்பவர்கள் உண்டு. கால்சியம் காட்டிக்கொடுக்காது. ஆல்கலினிட்டி (அமிலத்தைத் தாங்கும் திறன், அதன் அலகு டிகேஎச்) 2.8 டிகேஎச் விழும் அளவுக்குப் படிவு ஏற்பட்டால் கால்சியத்தில் குறைவது 20 பிபிஎம் (பத்து லட்சத்தில் 20 பங்கு) மட்டும். 420 என்றிருந்தது 400 ஆகும். வீட்டு டெஸ்ட் கிட்டில் அது ஒரு சொட்டு வித்தியாசம். அதே நேரம் 8 இருந்த ஆல்கலினிட்டி 5.2 ஆகியிருக்கும். அதனால் கலந்த நீரில் ஒரே ஒரு சோதனைதான் செய்வேன் என்றால் ஆல்கலினிட்டியைச் செய்யுங்கள்.

எவ்வளவு நேரம் சுழற்ற வேண்டும்? நல்ல ஓட்டம் இருந்தால் பெரும்பாலான கலவைகளுக்குச் சில மணி நேரம் போதும். ஒரு நாள் முழுக்க ஓடினால்தான் "பக்குவப்படும்" என்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. தெளிந்து, உப்பு அளவு மாறாமல் நின்றால் வேலை முடிந்தது. ஆல்கலினிட்டியும் கால்சியமும் தூக்கலாக உள்ள சில கலவைகளைச் சூடாகவும் வேகமாகவும் நெடுநேரம் ஓட்டினால் நாமே படிவுக்கு வழி செய்கிறோம். பையின் பின்பக்கத்தில் எவ்வளவு நேரத்துக்கு மேல் கலக்கக் கூடாது என்று எழுதியிருந்தால் அதை மதியுங்கள். ஹீட்டரும் அப்படித்தான். கால்சியம் கார்பனேட் விசித்திரமானது, சூடு ஏற ஏற அதன் கரைதிறன் குறையும். 20 முதல் 25 டிகிரியில் கரைத்து முடியுங்கள், ஹீட்டரைத் தொட்டியில் ஊற்றப்போகும் நாளில் போட்டால் போதும்.

அளவுகருவியில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள், அதனால் இதை விரிவாகச் சொல்கிறேன். ஊசல்கை ஹைட்ரோமீட்டரில் (நீரில் மிதந்து எழும் ஊசல் உப்பு அளவைக் காட்டும் கருவி) அந்த ஊசலில் ஒரு குமிழ் ஒட்டினாலே உப்பு அதிகமாகக் காட்டும், ஊசலில் உப்பு காய்ந்து படிந்திருந்தால் குறைவாகக் காட்டும். ரிஃப்ராக்டோமீட்டர் (நீரில் ஒளி வளைவதைக் கொண்டு உப்பை அளக்கும் கருவி) அதைவிட மேல், ஆனால் அதையும் சரிபார்த்துத்தான் நம்ப வேண்டும். ஆர்ஓ தண்ணீர் விட்டு 0-இல் நிறுத்திவிட்டால் போதும் என்று குறிப்புத் தாளில் இருக்கும். அது ஒரு முனையை மட்டும் சரிசெய்கிறது. நமக்கு வேண்டிய 35-இல் கருவி எப்படி நடந்துகொள்கிறது என்று அதிலிருந்து தெரியாது. 35 பிபிடி தரக்கரைசல் ஒரு சின்னக் குப்பி வாங்கி அதை வைத்துத் திருத்துங்கள். குப்பியை ஒவ்வொரு முறையும் உடனே மூட வேண்டும், ஆவியானால் அதுவே பொய் சொல்ல ஆரம்பிக்கும்.

இதற்குள் இன்னொரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. சந்தையில் கிடைக்கும் பல ரிஃப்ராக்டோமீட்டர்களின் அளவுகோல் வெறும் சோடியம் குளோரைடு கரைசலுக்குப் போட்டது. 35 பிபிடி கடல்நீர் அதில் சுமார் 36.5 என்று விழும். 0-இல் திருத்திவிட்டு அதில் 35 காட்டும்படி கலந்தால் கையில் இருப்பது 33.5 தான். தரக்கரைசலால் 35-இல் திருத்திவிட்டால் இந்தத் தொல்லையும் சேர்ந்தே தீர்ந்துவிடும்.

அளக்கும் முறை: பட்டகக் கண்ணாடியைத் துடைத்து, இரண்டு மூன்று சொட்டு விட்டு, மூடியை மெதுவாக இறக்குங்கள். உள்ளே குமிழ் தெரிந்தால் தூக்கிவிட்டு மறுபடி. அரை நிமிடம் விடுங்கள், சொட்டு கருவியின் வெப்பத்துக்கு வரட்டும். வெளிச்சத்தைப் பார்த்துப் பிடித்தால் மேலே நீலம், கீழே வெள்ளை. இரண்டும் சந்திக்கும் கோடு கூர்மையாக இருக்க வேண்டும். கோடு மங்கலாகவோ சாய்ந்தோ தெரிந்தால் அந்த அளவீட்டை எடுத்துக்கொள்ளாதீர்கள். முடிந்ததும் ஆர்ஓ தண்ணீரில் துடைத்துவிடுங்கள்.

அளவு தவறினால் திருத்துவது எளிது. 100 லிட்டர் 33 பிபிடியில் நிற்கிறது என்றால் சுமார் 200 கிராமுக்குக் கொஞ்சம் மேல் உப்பு வேண்டும். பம்ப் ஓடும்போது தூவி, கரைந்தபின் மறுபடி அளங்கள். 38-க்குப் போய்விட்டது என்றால் 8 லிட்டரை எடுத்துவிட்டு அதே அளவு ஆர்ஓ தண்ணீர் விட்டால் 35-க்கு வந்துவிடும். இப்படி நன்னீர் சேர்த்தபின் பம்ப் போடாமல் விடாதீர்கள். நன்னீர் இலேசானது, மேலேயே மிதந்துகொண்டு உங்கள் ரிஃப்ராக்டோமீட்டரை ஏமாற்றும். ஆனால் ஏற்கனவே முழுதாகக் கலந்த நீரில் உப்பு தானாக அடியில் இறங்கிவிடுமோ என்று பயப்பட வேண்டாம், அப்படி நடக்காது.

உப்பு அளவு சரி என்றால் மற்றதெல்லாம் சரியா? கடலில் ஆம். சேலஞ்சர் என்ற ஆய்வுக் கப்பல் 1872 முதல் 1876 வரை உலகைச் சுற்றித் திரட்டிய கடல்நீரில் 77 மாதிரிகளை வேதியியலாளர் வில்லியம் டிட்மார் பகுத்துப் பார்த்து 1884-இல் வெளியிட்டார். உப்பின் மொத்த அளவு இடத்துக்கு இடம் மாறினாலும் முக்கிய அயனிகளின் விகிதம் ஏறக்குறைய மாறுவதே இல்லை என்பது அதில் உறுதியானது. பைக்குள் இருக்கும் கடலுக்கு இந்த விதி கிடையாது. ஒவ்வொரு தயாரிப்பாளரும் தன் விருப்பத்துக்கு விகிதம் வைக்கிறார். 35 பிபிடியில் கடலில் கால்சியம் சுமார் 410 பிபிஎம், மெக்னீசியம் 1,280-ஐ ஒட்டி, ஆல்கலினிட்டி 7 டிகேஎச் அருகில். கலவைகளில் ஆல்கலினிட்டி 7-இலும் இருக்கிறது, 12-இலும் இருக்கிறது. 12 உயர்ந்தது, 7 மட்டம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் தொட்டி எங்கே நிற்கிறதோ அதற்குப் பக்கத்தில் உள்ள கலவைதான் உங்களுக்கு நல்லது. தொட்டியில் 8, புது நீரில் 11 என்றால் பத்து சதவீதம் மாற்றும்போது 8.3 ஆகும், யாருக்கும் தெரியாது. அவசரத்துக்கு முப்பது சதவீதம் மாற்றினால் ஒரே மூச்சில் 8.9. அக்ரோபோரா போன்ற கடினப் பவளங்கள் நுனி வெளுப்பது இந்த மாதிரித் தாவலில்தான்.

சேமிக்கும் டிரம் உணவுத்தர எச்டிபிஇ பிளாஸ்டிக்காக இருக்கட்டும். அடியில் முக்கோணத்துக்குள் 2 என்று இருக்கும். முன்பு சோப்போ ரசாயனமோ இருந்த டிரம் எவ்வளவு கழுவினாலும் வேண்டாம். பித்தளை வால்வு, செம்பு இணைப்பு, துருப்பிடிக்கும் கவ்வி எதுவும் தண்ணீரில் படக்கூடாது. மூடி இறுக்கமாக இருக்க வேண்டும், ஏனென்றால் ஆவியாவது நன்னீர் மட்டும். 100 லிட்டரில் 2 லிட்டர் போனால் 35 என்பது 35.7 ஆகிவிடும். மூடி தூசியையும் வீட்டில் அடிக்கும் ஸ்ப்ரேயையும்கூடத் தடுக்கும். வெளிச்சம் ஊடுருவும் டிரம் என்றால் போர்த்தி வையுங்கள். சில கலவைகள் சுவரில் பழுப்பான வழவழப்பைப் படியவிடும். அது உப்போடு வரும் கரையாத மாசு, டிரம் காலியாகும்போது துடைத்தால் போதும்.

பிஎச் பற்றியும் ஒரு வார்த்தை. மூடிய வீட்டில் காற்றில் கரியமில வாயு ஏறியிருந்தால் கலந்த நீரின் பிஎச் குறைவாகக் காட்டும். அதைப் பார்த்துப் பதறி, பிஎச் ஏற்றும் பஃபர் பொடி போடாதீர்கள், ஏறப்போவது ஆல்கலினிட்டிதான். ஜன்னலைத் திறந்துவைத்து, பவர்ஹெட்டை மேல்பரப்பைக் கலக்கும்படி திருப்பி ஒரு மணி நேரம் ஓடவிடுங்கள்.

ஊற்றும் நாளில் செய்வது இவ்வளவுதான்: பம்பும் ஹீட்டரும் போட்டு, தொட்டியின் வெப்பத்துக்கு ஒரு டிகிரி இப்படி அப்படி வரும்வரை விட்டு, உப்பு அளவை மறுபடி பார்ப்பது. நீண்ட நாள் நின்ற நீர் என்றால் ஆல்கலினிட்டியையும் பார்ப்பேன். கலந்த அன்று எடுத்த அளவைத் தேதியோடு டிரம்மிலேயே எழுதி ஒட்டியிருந்தால் ஒப்பிட வசதி. கொஞ்சம் விழுந்திருந்தால் பயன்படுத்துங்கள். ஒரு டிகேஎச்சுக்கு மேல் விழுந்து வெள்ளைப் படிவும் இருந்தால், அடுத்த முறை எதை மாற்ற வேண்டும் என்று மேலே சொல்லியிருக்கிறேன்.

கடைசியாக, இடமும் பாதுகாப்பும். 200 லிட்டர் உப்புநீர் டிரம் இல்லாமலே 205 கிலோ. மரப்பலகை, மெல்லிய ஸ்டாண்ட் எதன்மேலும் வைக்காதீர்கள். நிரப்பும் ஹோஸின் முனையைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி விட்டுவிட்டுப் போனால் சைஃபன் பிடித்து டிரம் தரைக்கு வந்துவிடும், முனை நீர்மட்டத்துக்கு மேலேயே நிற்கட்டும். பம்ப், ஹீட்டர் வயர்கள் பிளக்கிற்கு வருமுன் ஒரு வளைவு கீழே தொங்க வேண்டும், அப்போதுதான் வயர் வழியே வழியும் நீர் அங்கேயே சொட்டிவிடும். பிளக்கிற்கு முன்னால் கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி கட்டாயம். ஆர்ஓ தண்ணீருக்கு ஒரு டிரம், உப்புநீருக்கு ஒரு டிரம் என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தால் இரண்டும் ஒரே நிறத்தில் இருக்க வேண்டாம். தொட்டியில் ஆவியாகிக் குறைந்ததை நிரப்ப வேண்டியது நன்னீரால். வீட்டில் வேறு யாராவது டாப்-அப் செய்யும் நாளில் உப்புநீரை எடுத்து ஊற்றிவிட்டால், தொட்டியில் உப்பு நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போகும். நீங்கள் பவளம் ஏன் சுருங்குகிறது என்று வேறெங்கோ தேடிக்கொண்டிருப்பீர்கள்.